வட்டைக் காவலுக்கு எந்த டோச்?

கட்டாரிலிருந்து லீவில் வந்த தங்கச்சியின் மகன், சாப்பிட்டு முடிந்ததும் போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காக்காரர் ஒருவர் கைத்துப்பாக்கியால் அணில் சுடுகிறார். துப்பாக்கியின் முதுகில் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி.

"மாமா, இதுல ஒண்ட நம்மட துவக்குல பூட்டினா வட்டைக் காவலுக்கு எப்பிடி இரிக்கும்?"

நம்மட துவக்கு என்று அவன் சொன்னது பெருமைக்கு. அது அவனுடைய மூத்த வாப்பா காலத்துக் கதை. பயிர் காவலுக்கென்று மாவட்டச் செயலகம் வழியாக அனுமதி பெற்று வைத்திருக்கும் தோட்டாத் துவக்குகள் இன்றும் சில போடியார்மாரிடம் உண்டு. வருசா வருசம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். வேட்டைக்குக் கைத்துப்பாக்கி என்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இருக்கும் இந்த நாட்டில் சாதாரண விவசாயிக்குக் கனவிலும் வராத சாமான். வந்தாலும் எதைச் சுடுவது? யானையை 1937இன் வனவிலங்குச் சட்டம் காக்கிறது. பன்றி வரம்பைக் கிண்டி நாசமாக்கும், ஆனால் நம்மட சட்டிக்கு ஏறாது.

ஆனாலும் அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தச் சிவப்புப் புள்ளிக் கருவி மந்திரமல்ல. உள்ளே ஒரு குட்டி எல்.இ.டி. இருக்கும். அதன் சிவப்பு ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள வளைந்த கண்ணாடி ஒன்று முன்னால் இருக்கும். கண்ணைக் கொஞ்சம் அசைத்தாலும் புள்ளி இலக்கிலேயே நிற்பதுபோலத் தெரியும், அவ்வளவுதான். பகலில் நல்ல உதவி. இரவு ஒரு மணிக்கு வட்டை நடுவில் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் புள்ளி தெரியும், அலியன் தெரியாது. நமக்குக் குறி பார்ப்பது பிரச்சினையே இல்லை. எதிரே நிற்பது என்ன, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தெரியாததுதான் பிரச்சினை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல டோச் வாங்கு என்றேன். "டோச்சிலயும் நூறு வகை இரிக்கே, எத வாங்கிற?" என்று திருப்பிக் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆட்களுக்கு வீடு கடலோரம், வேளாண்மை மேற்கே. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் இங்கினியாகலையிலிருந்து இறங்கி நம் வட்டைகளுக்கு வருகிறது. யானை வருவதும் அதே மேற்கிலிருந்துதான். அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து மேயும் யானைகளின் படத்தை 2022இல் உலகமே பார்த்தது. எட்டு வருடத்தில் இருபது யானைகள் அளவில் அங்கே செத்ததாக அப்போது செய்தி வந்தது. அப்படி ஊரோடு பழகிய மிருகம் கதிர் பால் பிடிக்கும் வாசனைக்கு மாவடிப்பள்ளி, ஒலுவில், இறக்காமம் என்று இறங்கிவிடும். பெரும்போகத்தில் மழையும் இருட்டும் சேர்ந்த இரவுகளில்தான் காவல்காரர் வாடியிலிருந்து வரம்பில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்? தாய்லாந்தில் ஆசிய யானைகளை ஓடவிட்டு அளந்த விஞ்ஞானிகள் மணிக்கு 25 கிலோமீற்றர் வரை கணக்கெடுத்திருக்கிறார்கள். செக்கனுக்கு ஏழு மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது மீற்றரில் கண்டால் உங்களுக்கு நாலு செக்கன் கிடைக்கும். சேற்று வரம்பில், செருப்பு ஒன்று கழன்ற நிலையில், நாலு செக்கனில் என்ன செய்வீர்கள்? எண்பது மீற்றரில் கண்டால் பதினொரு செக்கனுக்கு மேல் இருக்கிறது, வாடிக்கோ ட்ரெக்டருக்கோ திரும்ப முடியும். ஆகவே எண்பது மீற்றரில் ஒரு கரிய உருவத்தைப் புதர் இல்லை, மாடு இல்லை, யானை என்று பிரித்துக் காட்டும் டோச்தான் நமக்குத் தேவை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த இடத்தில்தான் பெட்டியில் அச்சடித்த எண்கள் ஆளை ஏமாற்றும். "100000 லூமன்" என்று போட்ட டோச் பஸார் நடைபாதையில் கிடைக்கிறது. சாதாரண ஹலோஜன் கார் முன்விளக்கின் கீழ்வெளிச்சமே சுமார் 1,000 லூமன்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் டோச் நூறு முன்விளக்குக்குச் சமம் என்றால் சட்டைப் பையில் வைக்கும்போதே சட்டை எரிய வேண்டும். லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியே கொட்டும் மொத்த வெளிச்சம். ஒரு பக்கெட் தண்ணீரை முற்றத்தில் ஊற்றுவதும் லூமன்தான், குழாயில் பீய்ச்சுவதும் லூமன்தான். நமக்கு வேண்டியது பீய்ச்சல். அதன் அளவு கெண்டெலா.

நல்ல கம்பனிகள் கெண்டெலாவையோ, "இத்தனை மீற்றர்" என்ற வீச்சையோ பெட்டியில் போடுவார்கள். அந்த மீற்றர் கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். பதினாலாம் நிலவு தெளிந்த வானத்தில் தரையில் எவ்வளவு வெளிச்சம் விழுத்துமோ, அந்த அளவுக்கு டோச் வெளிச்சம் மெலியும் தூரம்தான் அது. நிலவு வெளிச்சத்தில் வரம்பு தெரியும், ஆனால் இருநூறு மீற்றரில் நிற்கும் சாம்பல் நிற மிருகம் தெரியுமா? தெரியாது. அதனால் பெட்டியில் போட்ட மீற்றரை மூன்றால் வகுப்பது என் பழக்கம். தூரம் மூன்றில் ஒன்றானால் வெளிச்சம் ஒன்பது மடங்காகும், அப்போது கண்ணுக்கு வேலை இருக்கும். எண்பது மீற்றர் நிச்சயமாக வேண்டுமென்றால் பெட்டியில் 240 மீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கெண்டெலாவில் சொன்னால் 15,000க்குக் கிட்ட. 25,000 இருந்தால் மனம் நிறைவு. அதற்கு மேல் ஐந்நூறு, அறுநூறு மீற்றர் என்று போகும் டோச்சுகள் ஊசி போல ஒரே இடத்தில் குத்தும், காலடியில் பாம்பு கிடந்தாலும் தெரியாது. நடுவில் ஒரு பிரகாசமான வட்டமும் அதைச் சுற்றி மெல்லிய வெளிச்சமும் தருவதே நடந்து திரிபவனுக்கு ஏற்றது.

எண் எதுவும் நம்பும்படி இல்லையென்றால், கடைக்காரரோடு பேசி ஒரு இரவுக்கு டோச்சை வாங்கிக்கொண்டு இஷாவுக்குப் பிறகு கடற்கரைக்குப் போங்கள். கரையில் இழுத்து வைத்த தோணியிலிருந்து நூறு எட்டு பின்னால் நடந்தால் எழுபத்தைந்து மீற்றர் அளவில் வரும். அங்கிருந்து தோணியின் நிறம் தெரிகிறதா, அணியம் எது, கடையார் எது என்று பிரிகிறதா பாருங்கள். கடைக்குள் சுவரில் அடித்துப் பார்ப்பதில் பிரயோசனமில்லை. எட்டடியில் எல்லா டோச்சும் சூரியன்தான்.

இனி வகைகள். வாப்பா காலத்து மூன்று பட்டரி டோச்சை முதலில் சொல்லாவிட்டால் பாவம். தகர உடம்பு, பெரிய பட்டரி, தேவைப்பட்டால் தடிக்கும் உதவும். அதன் மஞ்சள் வெளிச்சம் எனக்கு இன்றும் பிடிக்கும், ஆனால் எண்பது மீற்றர் போகாது. பட்டரியை உள்ளே மறந்து வைத்தால் கசிந்து டோச்சையே தின்றுவிடும். வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.

அடுத்தது சுவரில் சொருகிச் சார்ஜ் பண்ணும் பிளாஸ்டிக் டோச். 2022இல் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் போன நாட்களில் கடைகளில் இது அடிபிடியாக விற்றது. அன்று வாங்கியவர்கள் இன்று அதைத் தேடிப் பாருங்கள், பாதிக்கு மேல் செத்திருக்கும். உள்ளே இருப்பது ஈய அமில பட்டரி. அதை வெறுமையாக விட்டு வைத்தால் தகட்டில் உப்பு இறுகிச் செத்துவிடும். மாதம் ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றினால்தான் உயிரோடு இருக்கும். போகத்துக்குப் போகம் எடுக்கும் காவல்காரனுக்கும் இதற்கும் ஒத்துவராது. விலை மலிவு என்பதால் வாடிக்குள் சோறு தின்ன ஒரு வெளிச்சம் வேண்டுமென்றால் வாங்கலாம்.

மோட்டார் சைக்கிள் பட்டரியில் வயர் இழுத்துக் கொழுவும் பெரிய சேர்ச் லைட் நல்ல வீச்சுள்ளது. பரணில் உட்கார்ந்து காவல் காப்பவர் பாக்கியவான், அவருக்கு இது போதும். கீழே இறங்கியதும் வயர்தான் எஜமான்.

இழுத்தால் குவியும் 'ஸூம்' டோச்சைப் பற்றி ஒரே வரி: இழுக்கும் இடத்தால் தண்ணீர் போகும், குவித்தால் எதிரே சதுரமாக ஒரு துண்டு வெளிச்சம் விழுந்து சுற்றிலும் குருடாகிவிடும். போன் லைட்டை நம்பி வட்டைக்குப் போகிறவருக்கு நான் சொல்ல எதுவுமில்லை.

மீதி இருப்பது இரண்டு: 18650 பட்டரி போடும் கைடோச், அதே பட்டரியில் ஓடும் தலை லைட். என் தேர்வு இந்த இரண்டில்தான், கூடுமானால் இரண்டும்.

18650 என்றால் பயப்பட வேண்டாம். 18 மில்லிமீற்றர் குறுக்களவு, 65 மில்லிமீற்றர் நீளம், கடைசி பூச்சியம் உருளை என்பதற்கு. பழைய லெப்டொப் பட்டரியை உடைத்தால் வரிசையாக இருக்குமே, அதுதான். இதில் இன்று வரும் நல்லது 3,500 மில்லி அம்பியர் மணி அளவு தாங்கும். 9,900 என்று அச்சடித்ததை யாராவது நீட்டினால் சலாம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அதற்கு மேல் ஒரு சோதனை இருக்கிறது, கல்முனையில் அது மிக இலேசு, ஏனென்றால் நகைக்கடைக்குப் பஞ்சமில்லாத ஊர். தெரிந்த நகைக்கடைத் தராசில் பட்டரியை வையுங்கள். அசல் 18650 நாற்பத்தைந்து கிராமுக்கு மேல் இருக்கும், நம் கணக்கில் ஆறு பவுனுக்குக் கிட்ட. போலி பல நேரம் நாலு பவுன்தான் காட்டும். உள்ளே சின்னப் பட்டரியை வைத்து மேலே தோல் சுற்றியிருப்பார்கள். என் தராசுச் சோதனையைப் பார்த்த கடைக்கார மச்சான் "ஹாஜியார், இதுக்கு செய்கூலி சேதாரம் போடவா?" என்று கேட்டார். கேட்கட்டும்.

நல்ல பட்டரி ஒன்று எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். 3,500ஐ 3.6 வோல்ட்டால் பெருக்கினால் பன்னிரண்டரை வாட் மணி. ஐந்நூறு லூமன் எரிக்க ஐந்து வாட் அளவு போகும், இரண்டரை மணித்தியாலத்தில் காலி. இஷாவிலிருந்து சுபஹ் வரை ஒன்பது மணித்தியாலம். அதனால் டோச்சை எரியவிட்டுக் காவல் காப்பதில்லை, அணைத்துவிட்டுக் காது கொடுத்திருந்து, தேவைப்பட்டால் அடிப்பது. நடக்கும்போது முப்பது, ஐம்பது லூமன் போதும், அந்த அளவில் ஒரு பட்டரி இரவு முழுக்க வரும். பெட்டியில் போடும் "இத்தனை மணித்தியாலம்" என்ற கணக்கையும் கவனியுங்கள். வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒன்றாகக் குறையும் வரை எண்ணுவார்கள். கடைசி மணித்தியாலங்களில் அது டோச் அல்ல, மின்மினி. பட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய டோச்தான் வேண்டும். உள்ளே ஒட்டிவிட்ட பட்டரி நடுச்சாமத்தில் இறங்கினால் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நிற்க யானை பொறுமை காக்காது.

சுவிட்ச் சின்ன விசயம் போலத் தெரியும். எனக்கு அதுதான் பெரிய விசயம். மலிவு டோச்சுகளில் ஒருமுறை அமத்தினால் கூடிய வெளிச்சம், பிறகு நடு, பிறகு குறைவு, பிறகு பளிச் பளிச் என்று மின்னல், அதற்குப் பிறகு ஆபத்துக் குறி. பதற்றத்தில் விரல் இரண்டு தரம் பட்டால் நடு வட்டையில் கலியாண வீட்டு லைட் எரியும். இரண்டு போகத்துக்கு முன் எனக்கு அப்படி நடந்தது. முன்னால் சலசலப்பு, அமத்துகிறேன், மின்னுகிறது, மறுபடி அமத்துகிறேன், அணைகிறது. எதிரே நின்றது எருமை என்பது அல்லாஹ்வின் காவல். அன்றைக்கே அந்த டோச்சை மகனிடம் கொடுத்துவிட்டேன். ஆகவே கடையில் வைத்தே கண்ணை மூடிக்கொண்டு ஒரு அமத்தில் கூடிய வெளிச்சம் வருகிறதா, அணைத்து மீண்டும் போட்டால் அதே இடத்திலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். கையில் சேறு இருக்கும்போதும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

மழைக்கு ஐபிஎக்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 4 என்றால் தெறிக்கும் தண்ணீர் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் பிழைக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் வாய்க்கால் கடக்கிறவர் 7க்குக் குறைத்து வாங்கக்கூடாது.

தலை லைட்டுக்கு வருவோம். கை இரண்டும் விடுதலை, மண்வெட்டியும் பிடிக்கலாம், யானைவெடியும் பற்ற வைக்கலாம். குறை என்னவென்றால் வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் பனியிலும் தூறலிலும் அத்தனை துளியும் கண்ணுக்கே திரும்பி அடிக்கும், வெள்ளைத் திரை விழுந்ததுபோல இருக்கும். பூச்சி முழுக்க முகத்தில். கைடோச்சை இடுப்புக்குக் கீழே பிடித்தால் அந்தத் திரை பாதி விலகும். தலை லைட்டில் இன்னொரு வசதி, கண்ணுக்கு நேர் இருப்பதால் மாடு, நரி, பூனையின் கண் எதிரே மினுங்குவது நன்றாகத் தெரியும். அதை மட்டும் நம்பக் கூடாது. பன்றியின் கண்ணில் அந்த மினுங்கும் படலம் இல்லை. யானையைத் தேடும்போதும் கண்ணைத் தேடாதீர்கள், பின்னால் இருக்கும் மரங்களை எது மறைக்கிறது என்று பாருங்கள்.

சிவப்பு லைட் உள்ள தலை லைட் கிடைத்தால் அதையே எடுங்கள். தங்கச்சி மகனின் சிவப்புப் புள்ளி உதவாத இடத்தில் இந்தச் சிவப்பு உதவும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். வாடிக்குள் வெள்ளை லைட்டைப் போட்டு ஒரு பிளேன்டீ ஊற்றினால் அந்த அரை மணித்தியாலமும் வீண். மங்கிய சிவப்பு அந்தப் பழக்கத்தைக் கெடுக்காது.

வெள்ளையிலும் நீலம் கலந்த வெள்ளை, மஞ்சள் கலந்த வெள்ளை என்று உண்டு. நீலம் கலந்தது பார்வைக்குக் கூடுதல் பிரகாசம், பூச்சியும் அதற்கே கூடுதலாக வரும். எனக்கு மஞ்சள் கலந்ததில் சேறும் யானையும் பிரிந்து தெரிகிறது. கண்ணுக்குக் கண் வித்தியாசப்படும், பார்த்து எடுங்கள்.

காசு? 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் உத்தரவாத விலை வைத்தது. அந்த விலையில் அறுபத்தைந்து கிலோ மூடை ஒன்று 7,800 ரூபாய். என் எல்லை அந்த ஒரு மூடை. அதற்குள் நடுத்தரக் கைடோச் ஒன்றும் உண்மையான பட்டரியும் அடங்க வேண்டும். காசு மட்டுமட்டானால் டோச்சில் குறையுங்கள், பட்டரியில் குறைக்காதீர்கள். ஒரு யானை ஒரு இரவில் எத்தனை மூடையை மிதிக்கும் என்று வட்டவிதானையாரிடம் கேட்டால் இந்தச் செலவு வலிக்காது.

தன்னாலே மின்னும் சோலார் லைட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். கென்யாவில் ரிச்சர்ட் டுரேரே என்ற பையன் மாட்டுப்பட்டியைச் சுற்றி மின்னும் பல்பு கட்டிச் சிங்கத்தை விரட்டியது உலகமறிந்த கதை. சிங்கம் மாட்டைத் தேடி வரும் இடத்தில் அது சரி. குப்பை மேட்டில் லொறி லைட்டுக்கு நடுவில் மேயும் நம் யானைக்கு மின்னும் பல்பு எத்தனை இரவுக்குப் புதினம்? வரம்பில் வைக்கலாம், ஆனால் அதை வைத்துவிட்டு வீட்டில் படுக்க முடியாது. வட்டைக்காரர் எல்லோரும் சேர்ந்து விதைப்போடு போட்டு அறுவடையோடு கழற்றும் மின்வேலி நடைமுறைக்கு ஒத்ததென்று யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ பல வருடமாகச் சொல்லி வருகிறார். அது உள்ள வட்டையில் டோச்சின் வேலை பாதியாகும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது மட்டும் வேலியல்ல, அது கொலை. யானையும் சாகும், தண்ணீர் கட்டப் போன பக்கத்து வயல்காரனும் சாவான்.

ஒன்றை மறக்கக் கூடாது: டோச் பார்க்கத்தான், விரட்ட அல்ல. தனியன் நின்றால் கண்ணில் நீட்டி அடித்துக்கொண்டே நிற்காதீர்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கே நீங்கள் நிற்கிறீர்கள் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பது போலாகும். கண்டீர்களா, அணைத்து, பக்கவாட்டில் விலகி, மற்ற வாடிகளுக்குக் குரல் கொடுங்கள். வெடி வைப்பதும் சத்தம் போடுவதும் நாலு பேர் சேர்ந்த பிறகு.

மருமகன் கடைசியில் கைடோச் ஒன்று வாங்கினான், தலை லைட்டை நான் வாங்கிக் கொடுத்தேன். சூடடித்து முடிந்ததும் அவனுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இரண்டிலிருந்தும் பட்டரியைக் கழற்ற வேண்டும். முழுதாகவும் இல்லாமல் வெறுமையாகவும் இல்லாமல் பாதிச் சார்ஜில், அவனுடைய உம்மா ஊறுகாய் போட்ட கண்ணாடிப் போத்தல் ஒன்றை நன்றாகக் காயவைத்து அதற்குள் போட்டு, சிறுபோகம் வரை குசினி அடுப்புக்குத் தூரமான தட்டில் வைக்க வேண்டும்.